மேக்ஸ் விமானத்தை எப்போது நிறுத்தியிருக்க வேண்டும்?

கேள்வி இதுதான்: "அகமதாபாத்தில் 260 பேர் இறந்த பிறகும் ட்ரீம்லைனர் விமானங்கள் பறந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் 2019-ல் போயிங் 737 மேக்ஸை உலகம் முழுக்க நிறுத்தினார்கள். எந்தக் கணக்கில் ஒன்றை நிறுத்துகிறார்கள், இன்னொன்றை விடுகிறார்கள்? இப்போது மேக்ஸில் ஏறலாமா?"

விமானப் பராமரிப்புப் பொறியாளராக இருபத்தைந்து வருடம் ஹாங்கரில் வேலை பார்த்தவன் நான். மேக்ஸ் விஷயம் இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இறந்தவர்களின் எண்ணிக்கையை வைத்து இந்த முடிவை எடுப்பதில்லை. நீங்கள் கேட்கும் இதே ட்ரீம்லைனரை, அதாவது போயிங் 787-ஐ, 2013 ஜனவரியில் உலகம் முழுக்க நிறுத்தினார்கள். அப்போது ஒருவர்கூட இறக்கவில்லை. ஜனவரி 7-ஆம் தேதி பாஸ்டன் விமான நிலையத்தில் நின்றுகொண்டிருந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தில் லித்தியம் பேட்டரி எரிந்தது. ஒன்பது நாள் கழித்து, ஜப்பானுக்குள் பறந்துகொண்டிருந்த ஆல் நிப்பான் விமானத்தில் இன்னொரு பேட்டரி புகைந்தது. அது தகமட்சுவில் அவசரமாக இறங்கியது, பயணிகள் சறுக்குப் பாதையில் வெளியேறினார்கள். அவ்வளவுதான் நடந்தது. அன்றைக்கே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். உலகில் அப்போது சேவையில் இருந்த 787-கள் மொத்தமே 50, அதில் ஆறு நம் ஏர் இந்தியாவிடம் இருந்தன. ஏப்ரல் கடைசியில்தான் திரும்பப் பறக்க அனுமதி கிடைத்தது.

அந்த பேட்டரிக்குள் முதல் ஷார்ட் ஏன் ஏற்பட்டது என்பது துல்லியமாகக் கண்டுபிடிக்கப்படவே இல்லை. ஆனாலும் பறக்க விட்டார்கள். எப்படி? பேட்டரியை ஒரு எஃகுப் பெட்டிக்குள் வைத்து, புகையை நேராக விமானத்துக்கு வெளியே கொண்டுபோக ஒரு குழாயும் போட்டார்கள். செல்களுக்கு நடுவே தடுப்பைக் கூட்டினார்கள். உள்ளே எரிந்தாலும் அதனால் விமானத்துக்கு ஆபத்து இல்லை என்று சோதித்துக் காட்டினார்கள். ஆக, கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. விழுந்த விமானத்தில் இருந்த கோளாறு, அதே மாடலில் பறக்கும் மற்ற விமானங்களிலும் இருக்கக்கூடுமா? இருந்தால், அது ஆளைக் கொல்லாமல் தடுக்க இன்றைக்குக் கையில் ஏதாவது இருக்கிறதா? முதலாவதற்கு "இருக்கலாம்" என்றும் இரண்டாவதற்கு "இல்லை" என்றும் பதில் வந்தால் நிறுத்தியாக வேண்டும். எங்கள் பேச்சில் இதை "கிரவுண்ட் செய்வது" என்போம்.

யார் நிறுத்துவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விமானத்தை வடிவமைத்த நாட்டின் கட்டுப்பாட்டு அமைப்புதான் வகைச் சான்றிதழ் கொடுக்கிறது. போயிங் என்றால் அமெரிக்காவின் எஃப்.ஏ.ஏ. ஆனால் தன் வான்வெளியில் எது பறக்கலாம், தன்னிடம் பதிவான விமானம் பறக்கலாமா என்று ஒவ்வொரு நாடும் தானே முடிவெடுக்கலாம். நம் நாட்டில் அது டி.ஜி.சி.ஏ. வழக்கமாக எஃப்.ஏ.ஏ முதலில் பேசும், மற்றவர்கள் பின்தொடர்வார்கள். 2019-ல் இந்த வரிசை தலைகீழானது. அதைப் பிறகு சொல்கிறேன்.

காரணமும் தெரியாமல், தடுப்பும் இல்லாமல் திரும்பப் பறக்க விட்டால் என்ன ஆகும் என்பதை உலகம் மிக ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டது. உலகின் முதல் பயணிகள் ஜெட்டான பிரிட்டனின் காமெட், 1952 மே 2-ஆம் தேதி சேவையைத் தொடங்கியது. சரியாக ஒரு வருடம் கழித்து, 1953 மே 2-ஆம் தேதி, கல்கத்தா டம்டம்மிலிருந்து டெல்லிக்குக் கிளம்பிய காமெட் ஒன்று புயல் மேகத்துக்குள் உடைந்து விழுந்தது. 43 பேர் இறந்தார்கள். புயல்தான் காரணம் என்று முடிவானது. 1954 ஜனவரி 10 அன்று இன்னொன்று இத்தாலியின் எல்பா தீவுக்கு அருகே கடலில் விழுந்தது, 35 பேர். இந்த முறை விமான நிறுவனமே முன்வந்து எல்லா காமெட்களையும் நிறுத்தியது. என்ன காரணமாக இருக்கலாம் என்று ஊகித்து, ஊகத்துக்கு ஒன்றாகப் பல மாற்றங்கள் செய்தார்கள். மார்ச் 23-ஆம் தேதி மறுபடியும் பறக்க விட்டார்கள். பதினாறே நாளில், ஏப்ரல் 8-ஆம் தேதி, மூன்றாவது காமெட் நேப்பிள்ஸ் பக்கம் கடலில் விழுந்தது, 21 பேர்.

அப்புறம்தான் சான்றிதழையே திரும்பப் பெற்றார்கள். பிரிட்டனின் ஃபார்ன்பரோவில் ஒரு முழு விமானத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, பறக்கும்போது நடப்பதுபோல உள்ளே அழுத்தத்தை ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தார்கள். அது ஏற்கெனவே வானத்தில் கண்டது 1,221 தடவை, தொட்டிக்குள் இன்னும் 1,836 தடவை. அதோடு உடல் கிழிந்தது. ஜன்னல்களுக்காகவும் மற்றத் திறப்புகளுக்காகவும் வெட்டிய ஓட்டைகளின் மூலையில் உலோகம் களைத்துப்போய் விரிசல் விட்டிருந்தது. ஊகித்துச் செய்த மாற்றங்களில் ஒன்றுகூட அந்த மூலையைத் தொடவில்லை. ஹாங்கரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு முதலில் சொல்லித்தந்த கதை இது.

சரி, மேக்ஸுக்கு வருவோம். இதைப் புரிந்துகொள்ள விமானத்தின் உயரத்திலிருந்து தொடங்க வேண்டும். 737 முதலில் பறந்தது 1967-ல். அன்றைய சின்ன விமான நிலையங்களில் நிலையத்தின் ஏணி இல்லாமல் விமானத்தின் சொந்தப் படிக்கட்டிலேயே ஏறலாம், சாமானைக் கையாலேயே ஏற்றலாம் என்று அதைத் தரையை ஒட்டித் தாழ்வாக வடிவமைத்தார்கள். 2010 டிசம்பரில் ஏர்பஸ், எரிபொருளை மிச்சப்படுத்தும் பெரிய எஞ்சின்களோடு ஏ320 நியோவை அறிவித்தது. அடுத்த ஜூலையில் அமெரிக்கன் ஏர்லைன்ஸே ஏர்பஸ் பக்கம் பெரிய ஆர்டர் கொடுத்தது. போயிங்குக்குப் புதிய விமானம் வடிவமைக்க நேரம் இல்லை. பழைய 737-லேயே புதிய எஞ்சினை மாட்டுவது என்று 2011 ஆகஸ்டில் முடிவு செய்தார்கள். எஞ்சினின் விசிறி 61 அங்குலத்திலிருந்து 69 அங்குலமாகப் பெருத்தது. தாழ்வான இறக்கைக்குக் கீழே அதற்கு இடம் போதவில்லை. அதனால் எஞ்சினை முன்னால் தள்ளி, மேலே தூக்கி மாட்டினார்கள்.

அதில் ஒரு சிக்கல் வந்தது. மூக்கு அதிகமாக மேலே தூக்கியிருக்கும் நிலையில், முன்னால் தள்ளி நிற்கும் அந்தப் பெரிய எஞ்சின் உறையே காற்றில் தூக்குவிசை கொடுத்து மூக்கை மேலும் மேலே தள்ளும். விமானி பிடித்திருக்கும் கட்டுப்பாட்டுத் தண்டு அந்த இடத்தில் லேசாகிவிடும். விதியோ, கோணம் கூடக் கூட இழுக்கும் பாரமும் கூட வேண்டும் என்கிறது. அதைச் சரிக்கட்ட வந்த மென்பொருள்தான் எம்.சி.ஏ.எஸ். விமானிகள் வாயில் "எம்காஸ்". கோணம் அதிகமானால், விமானியைக் கேட்காமல், வாலில் உள்ள கிடைமட்ட இறக்கையான ஸ்டெபிலைசரைத் திருப்பி மூக்கைக் கீழே இறக்கும்.

கோணம் எவ்வளவு என்று அதற்குச் சொல்வது ஒரு சின்னத் துடுப்பு. விமானத்தின் மூக்குக்கு இரண்டு பக்கமும், காக்பிட் ஜன்னலுக்குக் கீழே, காற்று வரும் திசைக்கு ஏற்பத் திரும்பிக்கொண்டே இருக்கும். பனி உறையாமல் இருக்க உள்ளே ஹீட்டர் உண்டு. தெரியாமல் கை வைத்து விரலைச் சுட்டுக்கொண்ட பையன்கள் எங்கள் ஹாங்கரில் உண்டு. பறவை அடிக்கலாம், படிக்கட்டு வண்டி இடிக்கலாம், உள்ளே கம்பி தளரலாம். பழுதாகக்கூடிய பொருள் என்று தெரிந்துதான் இரண்டு வைக்கிறார்கள்.

எம்.சி.ஏ.எஸ் அந்த இரண்டில் ஒன்றை மட்டும்தான் கேட்டது.

இதை முதலில் படித்தபோது என்னால் நம்ப முடியவில்லை. மூக்கைக் கீழே அழுத்தும் அதிகாரம் உள்ள ஒரு கருவியை ஒற்றை சென்சாரை நம்பி விடுவது, நாங்கள் பழகிய எந்த ஒழுங்கிலும் இல்லாத செயல். அதோடு முடியவில்லை. ஆரம்பத்தில் ஒரு தடவைக்கு அது ஸ்டெபிலைசரை 0.6 டிகிரி மட்டும் நகர்த்தலாம் என்று இருந்தது. பாதுகாப்பு ஆய்வுக் காகிதங்கள் அந்த எண்ணோடு எழுதப்பட்டன. சோதனைப் பறப்புகளுக்குப் பிறகு, குறைந்த வேகத்துக்காக, 2.5 டிகிரி ஆக்கினார்கள். ஸ்டெபிலைசர் மூக்கைக் கீழே இறக்கும் பக்கம் மொத்தமே ஐந்து டிகிரி அளவுக்குத்தான் போகும். இரண்டு தடவை வேலை செய்தால் எல்லையைத் தொட்டுவிடும். அதுவும் ஒரு தடவையோடு நிற்கவில்லை. விமானி கட்டைவிரல் சுவிட்சால் மூக்கைத் தூக்கினால், ஐந்து விநாடி காத்திருந்து மறுபடியும் அழுத்தும். எத்தனை தடவை வேண்டுமானாலும்.

இதைப் பற்றி விமானிகளின் கையேட்டில் விளக்கம் இல்லை. பழைய 737 ஓட்டியவர் சிமுலேட்டர் பயிற்சி இல்லாமலேயே மேக்ஸ் ஓட்டலாம் என்பதுதான் விற்பனையின் முக்கியமான வாக்குறுதி. சிமுலேட்டர் பயிற்சி தேவைப்பட்டால் விமானத்துக்கு 10 லட்சம் டாலர் தள்ளுபடி என்று சவுத்வெஸ்ட் நிறுவனத்தோடு போயிங் ஒப்பந்தமே போட்டிருந்தது. எம்.சி.ஏ.எஸ் தப்பாக வேலை செய்தால் விமானி சில விநாடிகளில் கண்டுபிடித்துச் சமாளிப்பார் என்ற அனுமானத்தில் எல்லாம் நின்றது. போயிங்கின் சொந்தச் சிமுலேட்டர் சோதனையில், 2012-லேயே, ஒரு விமானிக்கு இதற்குப் பத்து விநாடிக்கு மேல் ஆனது. விளைவு பேரழிவு என்று அவரே சொன்னார். பின்னால் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் அறிக்கையில் இது வெளிவந்தது.

2018 அக்டோபர் 28. இந்தோனேசியாவின் லயன் ஏர் நிறுவனத்தின் ஒரு மேக்ஸ், வாங்கி மூன்று மாதம்கூட ஆகாதது, பாலியின் டென்பசாரில் நிற்கிறது. இடப்பக்கத் துடுப்பு சென்சாரை மாற்றினார்கள். மாட்டியது ஃபுளோரிடாவில் ஒரு பட்டறையில் பழுது பார்க்கப்பட்ட சென்சார். அது 21 டிகிரி தப்பாகக் காட்டியது. மாட்டிய பிறகு செய்ய வேண்டிய சோதனை செய்யப்பட்டதற்கு ஏற்கத்தக்க சான்று விசாரணையாளர்களுக்குக் கிடைக்கவில்லை. அன்றிரவு விமானம் ஜகார்த்தாவுக்குக் கிளம்பியது. தரையை விட்ட உடனே கேப்டனின் கட்டுப்பாட்டுத் தண்டு கடகடவென்று நடுங்க ஆரம்பித்தது. விமானம் காற்றில் நிற்காமல் விழப்போகிறது என்று எச்சரிக்கும் ஸ்டிக் ஷேக்கர் அது. மூக்கு தானாகக் கீழே போனது. அன்றைக்குக் காக்பிட்டில் கூடுதலாக ஒரு விமானியும் உட்கார்ந்திருந்தார். ஸ்டெபிலைசர் மோட்டாருக்கான மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சுகளை அணைத்து, கைச்சக்கரத்தால் ஸ்டெபிலைசரைத் திருப்பிச் சரிசெய்து, நடுங்கும் தண்டோடேயே ஜகார்த்தாவரை போய் இறக்கிவிட்டார்கள்.

இறங்கியதும் டெக் லாக்கில், அதாவது விமானத்தின் கோளாறுப் பதிவேட்டில், எழுதியது: வேகமும் உயரமும் இரு பக்கமும் ஒத்துப்போகவில்லை, ஒரு விளக்கு எரிந்தது. தண்டு நடுங்கியதையோ, சுவிட்சை அணைத்ததையோ எழுதவில்லை. இரவுப் பணியில் இருந்த பொறியாளர் எழுதியிருந்ததற்கு என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தார். குழாய்களை ஊதினார், கனெக்டரைத் துடைத்தார், தரையில் சோதித்தார், சரியாக இருந்தது, கையெழுத்துப் போட்டார். அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதே கையெழுத்தைப் போட்டிருப்பேன். இதை எழுதும்போதும் நெஞ்சு கனக்கிறது. ஒரு வரி கூடுதலாக லாக்கில் இருந்திருந்தால், காலையில் அந்த விமானம் கிளம்பியிருக்காது.

காலை 6.20-க்குக் கிளம்பியது. டெல்லியைச் சேர்ந்த 31 வயது கேப்டன், ஆறாயிரம் மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். எம்.சி.ஏ.எஸ் மூக்கை அழுத்த அழுத்த, இருபது தடவைக்கு மேல் தூக்கித் தூக்கிப் பிடித்தார். கோ-பைலட் என்ன நடக்கிறது என்று கையேட்டில் தேடிக்கொண்டிருந்தார். கேப்டன் கட்டுப்பாட்டை கோ-பைலட்டிடம் கொடுத்தார். அடுத்த சில நொடிகளில் விமானம் ஜாவா கடலில் பாய்ந்தது. கிளம்பிச் சுமார் பன்னிரண்டு நிமிடம். 189 பேர்.

என் கணக்கில் மேக்ஸை நிறுத்தியிருக்க வேண்டிய நேரம் இங்கே வருகிறது. 2018 நவம்பர் 7 அன்று எஃப்.ஏ.ஏ ஓர் அவசர உத்தரவு போட்டது: மூக்கு தானாக இறங்கினால் சுவிட்சை அணையுங்கள் என்று விமானிகளுக்கு நினைவூட்டல். எம்.சி.ஏ.எஸ் என்ற பெயரே பெரும்பாலான விமானிகளுக்கு அந்த வாரத்தில்தான் தெரியவந்தது. மென்பொருளைத் திருத்தித் தருவதாக போயிங் சொன்னது. விமானங்கள் பறந்துகொண்டிருந்தன.

டிசம்பரில் எஃப்.ஏ.ஏ-வுக்குள்ளேயே ஒரு கணக்குப் போட்டார்கள். மென்பொருளைத் திருத்தாமல் விட்டால், மேக்ஸ் விமானங்களின் மொத்த ஆயுளில் பதினைந்து பெரிய விபத்துகள் வரலாம் என்று அந்தக் கணக்கு சொன்னது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, திருத்தம் வரும்வரை பறக்கட்டும் என்று முடிவெடுத்தார்கள். அந்தத் தாள் வெளியே வந்தது 2019 டிசம்பரில், நாடாளுமன்ற விசாரணையில். அதற்குள் எத்தியோப்பியாவில் விழுந்த இரண்டாவது மேக்ஸில் இறந்தவர்களின் குடும்பங்கள் ஒன்பது மாதமாகத் துக்கத்தில் இருந்தன.

நான் மேலே சொன்ன இரண்டு கேள்விகளை 2018 நவம்பரில் வைத்துப் பாருங்கள். கோளாறு மற்ற விமானங்களிலும் இருக்கிறதா? இருக்கிறது, எல்லா மேக்ஸிலும் அதே மென்பொருள்தான். தடுப்பு இருக்கிறதா? விமானியின் கை மட்டும்தான். அந்தக் கையை நம்பலாமா என்று சோதித்துப் பார்த்தார்களா? இல்லை. ஜகார்த்தா கேப்டன் திறமை போதாதவர், அந்த நாட்டுப் பராமரிப்பு சரியில்லை என்ற பேச்சு ஓடியது. அந்த எண்ணம்தான் எல்லோரையும் நிம்மதியாகத் தூங்க வைத்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். இரண்டாவது விபத்துக்குப் பிறகும்கூட, அமெரிக்காவில் பயிற்சி பெற்றவர்களாக இருந்தால் சமாளித்திருப்பார்கள் என்ற பொருளில் ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் விசாரணையில் பேசினார். லயன் ஏர் பராமரிப்பில் குறை இருந்தது, உண்மை. இந்தோனேசிய விசாரணைக் குழுவே ஒன்பது காரணங்களை வரிசையாகச் சொன்னது. ஆனால் பறக்கும் தொழிலில் வடிவமைப்பு என்பதே, ஒருவர் தவறினாலும் விமானம் விழாமல் இருக்கத்தான்.

முன்னாலும் இப்படி நடந்திருக்கிறது. 1972-ல் கனடாவின் வின்ட்சர் நகருக்கு மேலே ஒரு டி.சி-10 விமானத்தின் சரக்குக் கதவு பறந்தது. அதிர்ஷ்டத்தில் பத்திரமாக இறங்கிவிட்டார்கள். கட்டாய உத்தரவு போடாமல், நிறுவனமே பார்த்துச் சரிசெய்துகொள்ளட்டும் என்று விட்டார்கள். 1974 மார்ச் 3-ஆம் தேதி பாரிஸுக்கு அருகே துருக்கி ஏர்லைன்ஸின் டி.சி-10 அதே கதவால் விழுந்தது. இறந்தவர்கள் 346 பேர். மேக்ஸின் இரண்டு விபத்துகளையும் கூட்டினாலும் 346 பேர்தான். அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு ஒருமுறை சிலிர்க்கும்.

ஜகார்த்தாவுக்கு 132 நாள் கழித்து, 2019 மார்ச் 10, ஞாயிற்றுக்கிழமை. அடிஸ் அபாபாவிலிருந்து நைரோபிக்குக் கிளம்பிய எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் 302, ஆறே நிமிடத்தில் பிஷோஃப்டு பக்கம் வயலில் பாய்ந்தது. 35 நாட்டவர், 157 பேர். நைரோபியில் ஐ.நா. சுற்றுச்சூழல் கூட்டத்துக்குப் போனவர்கள் பலர். நம் நாட்டவர் நால்வர். கிளம்பிய சில நொடிகளில் இடப்பக்கத் துடுப்பு 74 டிகிரிக்கு மேல் காட்டியது, வலப்பக்கத்தில் 15 டிகிரிதான். எம்.சி.ஏ.எஸ் எதைக் கேட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

என்னைப் பொறுத்தவரை இந்த விபத்தின் மிகக் கொடுமையான பகுதி இது: அந்த விமானிகள், நவம்பர் உத்தரவில் சொன்ன சுவிட்சை அணைத்தார்கள். அணைத்த பிறகு கைச்சக்கரத்தைத் திருப்ப வேண்டும். ஆனால் எஞ்சின் முழு சக்தியில் இருந்தது, வேகம் ஏறிக்கொண்டே போனது. ஸ்டெபிலைசர் மேல் காற்றின் அழுத்தம் அவ்வளவு இருந்ததால் சக்கரம் அசையவில்லை. வேறு வழியில்லாமல் மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்தார்கள். எம்.சி.ஏ.எஸ் மறுபடியும் அழுத்தியது. துடுப்பு ஏன் கெட்டது என்பதில் எத்தியோப்பிய விசாரணையாளர்களும் அமெரிக்க விசாரணையாளர்களும் ஒத்துப்போகவில்லை. மின்கோளாறு என்று எத்தியோப்பியர்கள், பறவை அடித்தது என்று அமெரிக்கர்கள். வேகத்தைக் குறைக்காததை அமெரிக்கத் தரப்பு சுட்டிக்காட்டியது, அதுவும் நியாயமான குறிப்புதான். ஆனால் ஒரு பறவை அடித்தால் 157 பேர் சாகும் விமானம் பறந்துகொண்டிருக்கக் கூடாது.

அடுத்த மூன்று நாளில் நடந்ததை வேகமாகச் சொல்கிறேன். எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் உடனே தன் மேக்ஸ்களை நிறுத்தியது. திங்களன்று சீனா தன்னுடைய 96 விமானங்களை நிறுத்தியது, இந்தோனேசியாவும் நிறுத்தியது. செவ்வாயன்று சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, பிரிட்டன், ஐரோப்பா முழுவதும். நம் டி.ஜி.சி.ஏ திங்களன்று என்ன சொன்னது தெரியுமா? மேக்ஸ் ஓட்டும் கேப்டனுக்கு அந்த வகையில் 1,000 மணி நேரமும் கோ-பைலட்டுக்கு 500 மணி நேரமும் அனுபவம் இருக்க வேண்டும் என்றது. விழுந்த எத்தியோப்பிய விமானத்தின் கேப்டன் மொத்தம் 8,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். ஜகார்த்தாவின் கோ-பைலட் 5,000 மணி நேரத்துக்கு மேல். அனுபவத்தால் தீரும் பிரச்சினையாக அது இருக்கவில்லை. செவ்வாய் இரவு டி.ஜி.சி.ஏ மனம் மாறி, ஸ்பைஸ்ஜெட், ஜெட் ஏர்வேஸ் இரண்டின் மேக்ஸ்களையும் நிறுத்தச் சொன்னது. ஒரு நாள் தாமதம்தான், ஆனாலும் அமெரிக்காவுக்கு முன்னால் எடுத்த முடிவு.

அதே செவ்வாயன்றும் எஃப்.ஏ.ஏ, நிறுத்த அடிப்படை இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தது. புதனன்று செயற்கைக்கோள் வழியாகக் கிடைத்த பறப்புத் தடம் வந்தது. இரண்டு விமானங்களும் ஏறி இறங்கி ஆடிய விதம் ஒரே மாதிரி. கூடவே, இடிபாட்டில் ஸ்டெபிலைசரை நகர்த்தும் திருகுத் தண்டு கிடைத்தது, மூக்கைக் கீழே தள்ளும் நிலையில். கனடா அன்று காலை நிறுத்தியது. சில மணி நேரத்தில் அதிபர் டிரம்ப்பே அமெரிக்காவின் முடிவை அறிவித்தார். உலகில் 387 மேக்ஸ்கள் தரையில் நின்றன. கறுப்புப் பெட்டிகளை எத்தியோப்பியா அமெரிக்காவுக்கு அனுப்பாமல் பாரிஸுக்கு அனுப்பியது. அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பின் மேல் உலகத்துக்கு இருந்த நம்பிக்கை எவ்வளவு சரிந்தது என்பதற்கு அது ஒன்றே போதும்.

நிறுத்தியபோது சில வாரத்தில் முடியும் என்று நினைத்தார்கள். இருபது மாதம் ஆனது. தோண்டத் தோண்ட வந்தது. இரண்டு துடுப்பும் வேறுவேறு காட்டினால் எச்சரிக்க வேண்டிய அறிவிப்பு, பெரும்பாலான மேக்ஸ்களில் வேலையே செய்யவில்லை. கூடுதல் காசு கொடுத்து வாங்கும் இன்னொரு வசதியோடு மென்பொருளில் தவறாக இணைந்துபோயிருந்தது அது. போயிங்குக்கு 2017-லேயே தெரியும். 2020-ல் திருத்திக்கொள்ளலாம் என்று வைத்திருந்தார்கள். சான்றிதழ் வேலையின் பெரும் பகுதியை எஃப்.ஏ.ஏ போயிங் ஊழியர்களிடமே ஒப்படைத்திருந்ததும் அப்போதுதான் பொதுமக்களுக்குப் புரிந்தது.

2020 நவம்பர் 18-ல் எஃப்.ஏ.ஏ அனுமதித்தது. 2021 ஜனவரியில் ஐரோப்பா, ஆகஸ்டில் இந்தியா. சீனாவில் பயணிகளோடு திரும்பப் பறந்தது 2023 ஜனவரியில்தான். என்ன மாறியது? இப்போது எம்.சி.ஏ.எஸ் இரண்டு துடுப்பையும் ஒப்பிடுகிறது. வித்தியாசம் 5.5 டிகிரியைத் தாண்டினால் தானே ஒதுங்கிவிடும். ஒரு நிகழ்வுக்கு ஒரே தடவைதான் வேலை செய்யும். விமானி தண்டை இழுத்தால் வெல்வது விமானிதான். வயர்களைப் பிரித்துப் போட்டார்கள். சிமுலேட்டர் பயிற்சி கட்டாயம். மூன்று வரியில் எழுதக்கூடிய இந்தத் திருத்தங்கள் முதலிலேயே இருந்திருக்கலாம் என்பதுதான் பொறுக்க முடியாதது.

ஒரே விபத்தில் நிறுத்தினால் தப்பாகவும் போகலாம் என்பதையும் சொல்ல வேண்டும். 1990 பிப்ரவரி 14 அன்று பெங்களூரில் இந்தியன் ஏர்லைன்ஸின் புத்தம் புதிய ஏ320 ஓடுபாதைக்கு முன்னால் விழுந்தது, 92 பேர். நம் அரசு எல்லா ஏ320-களையும் பல மாதம் நிறுத்தி வைத்தது. மற்ற நாடுகள் நிறுத்தவில்லை. எஞ்சின் அடங்கிக் கிடக்கும் ஒரு முறையில் விமானிகள் இறங்கிவந்தார்கள், கவனிக்கும்போது நேரம் இல்லை என்று விசாரணை சொன்னது. முதல் சில வாரம் நிறுத்தியதை நான் ஆதரிப்பேன். கறுப்புப் பெட்டி பேசிய பிறகும் நிறுத்தியது பயத்தால்.

இப்போது அகமதாபாத். 2025 ஜூன் 12-க்கு முன்னால், 787 சேவைக்கு வந்து கிட்டத்தட்ட பதினான்கு வருடத்தில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களில், உயிர்ச்சேதத்தோடு ஒரு விபத்துகூட இல்லை. அதே மாதிரி இரண்டாவது நிகழ்வு எதுவும் இல்லை. இந்தியாவில் உள்ள 787-களில் கூடுதல் சோதனைகள் செய்ய டி.ஜி.சி.ஏ உத்தரவிட்டது. ஜூலையில் வந்த முதற்கட்ட அறிக்கை, தரையை விட்ட சற்று நேரத்தில் இரண்டு எஞ்சினின் எரிபொருள் சுவிட்சுகளும் ஒன்றன்பின் ஒன்றாக, எரிபொருளை நிறுத்தும் 'கட்ஆஃப்' நிலைக்குப் போனதாகப் பதிவைக் காட்டியது. விமானத்தை, எஞ்சினைத் தயாரித்தவர்களுக்கு அந்தக் கட்டத்தில் எந்தப் பரிந்துரையும் செய்யவில்லை. சுவிட்ச் ஏன் நகர்ந்தது என்பதைப் பற்றி நான் ஊகிக்க மாட்டேன், இறந்த விமானிகளின் குடும்பங்கள் இருக்கின்றன. உங்கள் கேள்விக்கு மட்டும் பதில்: முதல் கேள்விக்கு, "மற்ற விமானங்களிலும் இருக்கிறது" என்று காட்டும் தடயம் கிடைக்கவில்லை. அதனால் நிறுத்தவில்லை. அந்த முடிவு எனக்குச் சரியாகப்படுகிறது. நாளைக்கு அப்படி ஒரு தடயம் வந்தால், அன்றைக்கே நிறுத்த வேண்டும் என்பேன்.

மேக்ஸில் ஏறலாமா? ஏறலாம். எம்.சி.ஏ.எஸ் பற்றி எனக்குப் பயம் இல்லை. இன்று பறக்கும் விமானங்களில் இவ்வளவு பேர் இவ்வளவு நாள் குடைந்து பார்த்த கட்டுப்பாட்டு மென்பொருள் வேறு இருக்குமா என்பது சந்தேகம். என் கவலை தொழிற்சாலையைப் பற்றியது. 2024 ஜனவரி 5 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸின் மேக்ஸ் 9-ல், கதவு வேண்டாத இடத்தை அடைக்கும் பலகை வானத்தில் பிய்ந்து போனது. நான்கு போல்ட்கள் மாட்டப்படவே இல்லை. யாரும் இறக்கவில்லை. ஆனால் மறுநாளே எஃப்.ஏ.ஏ 171 விமானங்களை நிறுத்தியது, ஒவ்வொன்றையும் பார்த்த பிறகுதான் விட்டது. இரண்டாவது விபத்துக்காகக் காத்திருக்கவில்லை.

சென்னையிலிருந்து ஆகாசாவில் கிளம்பினால் அது மேக்ஸ்தான், அவர்களிடம் வேறு மாடல் இல்லை. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸிலும் நிறைய உண்டு. நானும் போகிறேன், வீட்டாரையும் கூட்டிப்போகிறேன். படிக்கட்டில் ஏறும்போது இடது பக்கம், காக்பிட் ஜன்னலுக்குக் கீழே, அந்தச் சின்னத் துடுப்பு தெரியும். பழக்க தோஷம், ஒருமுறை அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.